சரிந்த கோட்டில் அளவு வைக்காதே

திங்கட்கிழமை காலை சிவதர்சினி பட்டறைக்குள் நுழைந்தபோது, நெல் தொட்டிக்கு வெட்டிய இரும்புத் தகடுகள் இரண்டு சுவரில் சாத்திக் கிடந்தன. ஒன்று ஆறடி ஓர் அங்குலம். மற்றது மூன்றடி ஏழு அங்குலம். அளவு நாடா பிடிக்காமலே அவளுக்கு அது தெரிந்தது. அந்த இரண்டு நீளங்களும் அவள் கீறிய வரைபடத் தாளில் மட்டும் இருக்கக்கூடியவை. எந்த நெல் ஆலையிலும் அப்படியொரு தொட்டி இருக்க முடியாது. இரண்டு தகடுகளும் ஐந்தடி இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று அச்சொட்டாக.

"வந்திட்டாவோ எஞ்சினியரம்மா?" என்றார் முத்துலிங்கம். கையில் தேநீர்க் கோப்பை. "உம்மடை படத்தின்ரை சீரைப் பாரும். பூட்டிப் பாத்தன். ஒரு பக்கம் ஆகாயத்திலை நிக்குது, மற்றப் பக்கம் நிலத்தை முட்டேல்லை."

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், முரசுமோட்டையில் இருக்கிறது விஜிதரனின் பட்டறை. வீட்டு வாசலுக்குக் கேற், உழவு இயந்திரப் பெட்டி, தண்ணீர்த் தாங்கிக்குக் கால் என்று இரும்பில் எது கேட்டாலும் செய்வார்கள். அங்கே சிவதர்சினி வரைபடக்காரி. தொழில்நுட்பக் கல்லூரியில் வரைதல் படித்துவிட்டு வந்து மூன்று வருடம். வயது இருபத்தாறு. பத்து வயதில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், உடையார்கட்டில், ஒரு ஷெல் துண்டு அவளுடைய இடது கண்ணைக் கொண்டுபோனது. கறுப்புக் கண்ணாடி போடு பிள்ளை என்று சொன்ன சொந்தக்காரரிடம், உங்களுக்குப் பார்க்கக் கஷ்டமென்றால் நீங்கள் போடுங்கோ என்று சொன்னவள். அன்றிலிருந்து அந்தச் சொந்தம் அவளோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டது. அதில் அவளுக்கு நிம்மதிதான்.

முத்துலிங்கம் தலைமை வெல்டர். ஐம்பத்தைந்து வயது. பட்டறையில் எல்லாருக்கும் முத்தண்ணை. அவர் கைபட்ட மூட்டு விலகியதாகச் சரித்திரமில்லை. இரும்பைத் தூக்கி முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, எங்கே நெளிவு என்று நூல் பிசகாமல் சொல்வதில் அவரை வெல்ல மாவட்டத்தில் ஆளில்லை. அதையெல்லாம் மறைத்துக் கதை சொல்லக்கூடாது.

ஆனால் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. கேற் செய்ய வேண்டுமா, வெண்கட்டியை எடுத்துப் பட்டறையின் சீமெந்து நிலத்தில் கேற்றை முழு அளவில் கீறுவார். பிறகு நாடாவைக் கோட்டின் மேல் போடுவார். கோடு எவ்வளவோ இரும்பும் அவ்வளவு. நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, குறுக்குக் கோடு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். நிலத்தில் கீறிய கோடு ஒருநாளும் அவரை ஏமாற்றியதில்லை. முப்பது வருடம் அப்படியே வெட்டி அப்படியே ஒட்டியவர், அதே வழியைக் கொண்டுபோய்ச் சிவதர்சினியின் தாளிலும் போட்டுவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது.

தொட்டி முள்ளியவளைப் பக்கத்தில் நெல் ஆலை வைத்திருக்கும் கச்சு முகம்மதுவுக்கு. மேல் வாய் ஒன்பது அடி நீளம், அடியில் ஒரு அடித் திறப்பு, ஆழம் மூன்றடி. இரண்டு பக்கமும் ஒரேமாதிரிச் சரிந்து வந்து திறப்பில் முடியும். மேலே மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் நெல் தானாக அடிக்கு வழுகி வரவேண்டும், அவ்வளவுதான். இதற்குச் சிவதர்சினி இரண்டு தாள் கீறினாள். முதலாவதில் முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று தோற்றங்கள். வெட்டுகிறவனுக்கு வேண்டியது அதுதான். இரண்டாவது, ஐசோமெற்றிக் படம். தொட்டியை ஒரு மூலையிலிருந்து, சற்று உயர நின்று பார்ப்பதுபோல, மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியக் கீறுவது. அது கச்சு முகம்மதுவுக்காக. தனக்கு என்ன வரப்போகிறது என்று அந்த மனிதருக்கும் விளங்க வேண்டாமா? அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுதானே நம்மட தொட்டி" என்று சந்தோஷப்பட்டு, ஒரு பிரதியை மடித்து, போட்டிருந்த சேட்டின் பையில் வைத்துக்கொண்டு போனார்.

முத்துலிங்கத்துக்கும் அந்தப் படம்தான் பிடித்தது. பார்த்தால் சாமான் மாதிரியே இருக்கிறது, மற்றத் தாள் என்னத்துக்கு? ஓர் அங்குலம் ஓர் அடி என்று மூலையில் எழுதியிருந்தது. இரும்பு அடிமட்டத்தைச் சரிந்த கோடுகளில் வைத்தார், வந்த அங்குலத்தை அடியாக்கினார், வெட்டினார்.

"முத்தண்ணை, ரெண்டு பக்கமும் ஒண்டுக்கொண்டு வித்தியாசமா வருதெண்டு பாத்தனீங்கள்தானே. ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"மில்லிலை இடம் அப்பிடிச் சரிஞ்சு கிடக்குமாக்கும் எண்டு நினைச்சன். நான் என்ன, ஒவ்வொரு வெட்டுக்கும் உம்மட்டை வந்து கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதோ?"

"ஒருக்கா வந்திருக்கலாம்."

முத்துலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற உதவியாள் கோகுலனுக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

"ஒற்றைக் கண்ணாலை பாத்துக் கீறினா உப்பிடித்தான் வரும். ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் குறுகும். உம்மிலை பிழையில்லை பிள்ளை. கதிரை குடுத்தவையிலைதான் பிழை."

கோகுலன் குனிந்து வெல்டிங் வயரைச் சுற்றத் தொடங்கினான். அது ஏற்கெனவே சுற்றியிருந்த வயர்.

சிவதர்சினிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, நல்ல சுத்தமான கோபம். மூன்று வருடமாக இந்த வசனம் எப்போது வெளியே வரும் என்று அவள் காத்திருந்தவள்தான். கேற் கோணியபோது வரவில்லை, பெட்டி பொருந்தாதபோது வரவில்லை, இன்றைக்குத் தன் கைப்பிழையை மூட ஒரு துணி தேவைப்பட்டதும் வந்துவிட்டது.

பத்து மணிக்கு விஜிதரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சடித்த கடிதம் ஒன்று இருந்தது. நாலே வரி. வரைபடத்தில் ஏற்பட்ட தவறுக்குத் தானே பொறுப்பென்றும், இனி முன் மேசையில் தொலைபேசி, பற்றுச்சீட்டு வேலைகளைப் பார்க்கச் சம்மதமென்றும் எழுதியிருந்தது. கீழே அவளுடைய பெயர். பெயருக்கு மேலே புள்ளிக்கோடு.

"தங்கச்சி, வேலையாலை நிப்பாட்டேல்லை. அதை முதல் விளங்கிக்கொள்ளும்" என்றார் விஜிதரன். கெட்ட மனிதரல்ல. சண்டை வந்தால் சத்தம் குறைவான பக்கத்தை அமுக்கிவிட்டால் போதுமென்று நினைக்கிற மனிதர். "பதினொரு மணிக்குக் கச்சு முகம்மது நானா வாறார். காலபோக அறுப்பு நெல் வர இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. அவருக்கு ஒரு பதில் சொல்லோணும். முத்தண்ணை கோவிச்சுக்கொண்டு போனா நான் பட்டறையைப் பூட்டோணும். உமக்கு விளங்கும்தானே."

"விளங்குது, விஜி அண்ணை. படம் சரி. அதுவும் விளங்குதோ எண்டு உங்களைக் கேக்கிறன்."

"படம் சரியெண்டா தகடு ஏன் பொருந்தேல்லை?"

"படத்திலை அளக்கக்கூடாத இடத்திலை அளந்தபடியா."

"படமெண்டா அளக்கத்தானே? பதினொரு மணிக்கு முதல் கையெழுத்து வைச்சுத் தாரும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். சாய்ந்த பலகை, இரண்டு மூலைமட்டங்கள், சீவிய பென்சில்கள். இந்த மேசையை விட்டு எழும்பினால் திரும்பி வரமுடியாது என்று அவளுக்குத் தெரியும். முன் மேசைக்குப் போனவளை மறுபடி வரைய விடமாட்டார்கள். அதைவிட மோசம், இந்த ஊரில் இன்னொரு பட்டறைக்குப் போனாலும் அந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும். கண் தெரியாதவள், பிழையென்று அவளே எழுதிக் கொடுத்தவள் என்று.

கல்லூரியில் முதல் முதலாக ஐசோமெற்றிக் கீறிய நாளை நினைத்தாள். வகுப்பில் மற்றவர்கள் தடுமாறினார்கள். தூரப் போகிற கோடு சிறுக்க வேண்டாமா, தண்டவாளம் தூரத்தில் ஒடுங்குகிறதே என்று கேட்டார்கள். இவளுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தானாகத் தெரியாது. படி எங்கே, கோப்பை எங்கே என்று பத்து வயதிலிருந்து ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்தே கை வைத்தவள். இந்தப் படமும் கணக்குத்தான். நிமிர்ந்து போவது ஒரு திசை, இடப்பக்கம் முப்பது பாகையில் ஏறுவது ஒரு திசை, வலப்பக்கம் முப்பது பாகையில் ஏறுவது ஒரு திசை. இந்த மூன்று திசையிலும் கிட்ட இருப்பதும் ஓரடி, எட்ட இருப்பதும் ஓரடி. தூரத்தில் நிற்கிறதென்பதற்காக ஒன்றைச் சிறிதாக்குவதில்லை. அந்த நியாயம் அவளுக்குப் பிடித்துப்போனது.

அந்த மூன்று திசைக்கும் வெளியே சரிந்து போகிற கோடு வேறு சாதி. அதற்கு அடிமட்டம் வைக்கக்கூடாது. முதலில் சாமானை அடைக்கக்கூடிய ஒரு பெட்டியைக் கீறி, பெட்டியின் விளிம்புகளில் அளந்து புள்ளி வைத்து, புள்ளிகளைத் தொடுத்தால் சரிவு தானாக வரும். வருகிற சரிவு பார்வைக்கு மட்டும்தான்.

அவள் தாளை மறுபடி பார்த்தாள். பெட்டி சரி. புள்ளிகள் சரி. ஒன்று மட்டும் இல்லை. சரிந்த கோட்டை அளக்க வேண்டாமென்று ஓரத்தில் ஒரு வரி எழுதுவது வழக்கம். எழுதவில்லை. அந்த இடத்தில் அவளுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கொஞ்சம்தான். கடிதம் சொன்ன அளவுக்கு இல்லை.

முதலாவது தாளைத் தேடிப் போனாள். வெல்டிங் மேசைக்குக் கீழே கிடந்தது. அதன் மேல் வைத்து யாரோ ரோல்ஸ் தின்றிருந்தார்கள். முன்பக்கத் தோற்றத்தின் நடுவில் எண்ணெய் வட்டம். வட்டத்துக்குள்ளே, இரண்டு சரிவிலும், அவளுடைய கையெழுத்தில் தெளிவாக ஐந்து, ஐந்து.

பிறகு வெல்டிங் கம்பி வந்த வெற்று மட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள்.

கச்சு முகம்மது பட்டா என்கிற சின்ன லொறியில் வந்து இறங்கியபோது எல்லாரும் வாசலில் நின்றார்கள். விஜிதரன் சிரித்துக்கொண்டு முன்னுக்குப் போனார். "சின்னப் பிழை ஒண்டு நானா, படத்திலை. பிள்ளை எழுதித் தாறா, நாங்கள் புதுசா..."

"எழுதித் தரேல்லை" என்றாள் சிவதர்சினி. "நானா, உங்கடை பிரதி கிடக்கோ?"

அவர் சேட்டுப் பையிலிருந்து எடுத்து விரித்தார். நாலாக மடித்து வியர்வையில் ஊறிய தாள். அவள் அதை நிலத்தில் வைத்து நான்கு மூலைக்கும் போல்ட்டில் பூட்டுகிற இரும்புச் சுரை நான்கு வைத்தாள். பிறகு முத்துலிங்கத்திடம் திரும்பினாள்.

"முத்தண்ணை, வீட்டு அத்திவாரத்துக்கு மூலை எடுக்கிறது எப்பிடி?"

"உதென்ன கேள்வி?"

"சும்மா சொல்லுங்கோ. நானாவும் கேக்கட்டும்."

"ஒரு பக்கம் மூண்டடி, மற்றப் பக்கம் நாலடி. குறுக்காலை அஞ்சடி வந்தா மூலை சரி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"தொட்டியின்ரை ஆழம் எத்தினை அடி?"

"மூண்டு."

"மேலை ஒன்பது, கீழை ஒண்டு. ரெண்டு பக்கத்துக்கும் பிரிச்சா ஒரு பக்கத்துக்கு?"

"நாலு" என்றார் முத்துலிங்கம். சொல்லிவிட்டு வாயை மூடினார். மூடியது பிந்திப்போயிற்று.

"மூண்டும் நாலும் எண்டா குறுக்காலை?"

கோகுலன் சொன்னான், மெதுவாக, "அஞ்சு."

சிவதர்சினி மட்டையில் செய்த தொட்டியை எடுத்து, வெல்டிங் மேசை மேல் தாளிலிருந்த வாட்டத்திலேயே வைத்தாள். "நானா, இந்த மூலையிலை நிண்டு பாருங்கோ. கொஞ்சம் உயர இருந்து. என்ன தெரியுது?"

கச்சு முகம்மது பார்த்தார். "இஞ்சால பக்கம் கட்டை. அங்கால பக்கம் நீளம்."

"ஓம். கிட்ட இருக்கிற சரிவு எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு கீழை போகுது, கட்டையாத் தெரியுது. எட்ட இருக்கிறது எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது, நீளமாத் தெரியுது. இப்ப பாருங்கோ." மட்டைத் தொட்டியை முன்பின்னாகத் திருப்பி வைத்தாள். கட்டையாகத் தெரிந்தது நீண்டது. நீளமாகத் தெரிந்தது கட்டையானது. "நான் மட்டையை வெட்டேல்லை, இழுக்கவுமில்லை. திருப்பினது மட்டும்தான். கண்ணுக்குத் தெரியிற நீளத்துக்கு இரும்பு வெட்டினா, தொட்டியைத் திருப்புற நேரமெல்லாம் புதுத் தகடு வேணும்."

கச்சு முகம்மது தானே ஒருமுறை திருப்பினார். பிறகு மறுபடி திருப்பினார். தாடியைத் தடவிக்கொண்டு சுவரில் சாத்தியிருந்த தகடுகளைப் பார்த்தார். "நீளத்த வெட்டலாம்" என்றார். "கட்டைய இழுக்க ஏலாதே."

"அதுக்கு வேறை தகடு எடுக்கலாம்" என்றாள் சிவதர்சினி. "வேறை ஒரு கதையும் சொன்னவர் முத்தண்ணை. ஒற்றைக் கண்ணாலை கீறினபடியாத்தான் ஒரு பக்கம் நீண்டதாம். நானா, அந்தத் தாளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ. பிறகு ரெண்டு கண்ணாலையும் பாருங்கோ. ஏதும் மாறுதோ?"

அவர் மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். "இல்ல மகள். ஒண்டுதான்."

"தாளுக்கு ஆழமில்லை. தாளுக்கு முன்னாலை நிக்கிற எல்லாருக்கும் ஒற்றைக் கண்தான். எனக்கு மட்டுமில்லை."

விஜிதரன் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. ரெண்டு பக்கத்திலையும் கொஞ்சம் கொஞ்சம் பிழை எண்டு வைப்பம். கடிதத்தை அப்பிடி மாத்தி எழுதுவம். தங்கச்சி சும்மா ஒரு கையெழுத்தை..."

"கையெழுத்துத்தானே வேணும், விஜி அண்ணை."

கடிதத்தை எடுத்தாள். எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். வெறுமையான பின்பக்கத்தில் நின்றபடியே தொட்டியின் முன்பக்கத் தோற்றத்தைக் கீறினாள். இரண்டு சரிவிலும் ஐந்தடி என்று போட்டாள். கீழே எழுதினாள்: ஐசோமெற்றிக் படத்தில் சரிந்த கோட்டை அளக்க வேண்டாமென்று நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, அது என் பிழை. படம் சரி. தகடு வெட்டியது பிழை. அதன் கீழே முழுப் பெயரையும் போட்டுத் திகதியும் போட்டாள்.

"என்ரை பிழை எவ்வளவோ அவ்வளவுக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறன். மற்றப் பக்கத்துக்கு வைக்கமாட்டன். முன் மேசைக்கும் போகமாட்டன். வேலையாலை நிப்பாட்டுறதெண்டா இப்ப, நானாவுக்கு முன்னாலை, வாயாலை சொல்லுங்கோ."

விஜிதரன் கடிதத்தைப் பார்த்தார், கச்சு முகம்மதுவைப் பார்த்தார். சத்தம் குறைவான பக்கம் எதுவென்று இப்போது அவருக்குப் பிடிபடவில்லை.

கச்சு முகம்மது நிலத்திலிருந்த தன் தாளை எடுத்து மடித்தார். "தம்பி விஜி, யார் பிழையெண்டு நான் கேக்க வரல்ல. எனக்குத் தொட்டி வேணும். படம் எனக்கு விளங்கிட்டுது. இந்த மகள் கீறுறதெண்டா செய்ங்கோ. இல்லையெண்டா நான் வேற இடம் பாக்கிறன்." தாளைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவதான் கீறுவா நானா, வேறை ஆர் கீறுறது" என்றார் விஜிதரன், அதுவரை வேறு எதுவுமே சொல்லாதவர் போல.

பட்டா வாகனம் போனது. விஜிதரன் அறைக்குப் போனார். சிவதர்சினி முத்துலிங்கத்தின் வெண்கட்டியை எடுத்தாள். மூன்று வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. அந்தச் சீமெந்து நிலம் அவருடைய இராச்சியம். அவள் முட்டுக்காலில் இருந்து தொட்டியின் முன்பக்கத்தை முழு அளவில் கீறினாள். ஒன்பதடி, ஒரு அடி, மூன்றடி ஆழம். இரண்டு சரிவு.

"இதிலை அளக்கலாம், முத்தண்ணை. எந்தக் கோட்டிலையும் அளக்கலாம்."

முத்துலிங்கம் நாடாவை எடுத்து வந்து இடப்பக்கச் சரிவில் போட்டார். ஐந்து. வலப்பக்கத்தில் போட்டார். ஐந்து. நாடாவைச் சுருட்டினார். மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்கு இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் சும்மா விடவும் அவளுக்கு மனமில்லை.

தொட்டியின் விளிம்புக்கு ஒட்டவேண்டிய ஆங்கிள் இரும்பு ஒன்றை அவர் குவியலிலிருந்து இழுத்தெடுத்தார். இரண்டு கையாலும் தூக்கி, நுனியை முகத்துக்கு நேரே பிடித்து, நீளவாட்டில் பார்த்தார். முப்பது வருடமாகப் பார்க்கிற அதே பார்வை.

"நெளிவு கிடக்கோ, முத்தண்ணை?"

"இல்லை. நேராக் கிடக்கு."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"என்ரை பார்வை பிழைக்காது."

"அப்ப மற்றக் கண்ணை ஏன் மூடினனீங்கள்?"

கோகுலன் நிமிர்ந்து பார்த்தான். முத்துலிங்கத்தின் இடது கண் இறுக மூடியிருந்தது. முப்பது வருடமாக, ஒவ்வோர் இரும்புக்கும், அவர் அந்தக் கண்ணை மூடித்தான் நேர் பார்த்தவர். இப்போது அதைத் திறப்பதா, மூடியபடியே வைத்திருப்பதா என்று தெரியாமல், இரும்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

சிவதர்சினி கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு, தன் மேசைக்குப் போய் அடுத்த தாளைப் பலகையில் பூட்டினாள்.